அல்சாசியன் பேச்சும் அதன் ஜெர்மன் சொந்தங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சாஸ் எங்கே இருக்கிறது? எங்கோ கேட்ட பெயராக இருக்கிறதே?

சி.பி.எஸ்.இ. பள்ளியில் பிளஸ் டூ ஆங்கிலம் படித்தவர்கள் கட்டாயம் கேட்டிருப்பார்கள். 'தி லாஸ்ட் லெசன்' பாடம் நடக்கிற இடம் அதுதான். பிரான்சின் வடகிழக்கு ஓரம். மேற்கே வோஷ் மலைத்தொடர், கிழக்கே ரைன் ஆறு, நடுவில் சுமார் 190 கிலோமீட்டர் நீளமும் 50 கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஒரு பட்டை. ஸ்ட்ராஸ்பூர்க், கொல்மார், முலூஸ் ஆகியவை பெரிய ஊர்கள். ஆற்றைத் தாண்டினால் ஜெர்மனி, தெற்கே இறங்கினால் சுவிட்சர்லாந்தின் பாசெல்.

அந்தப் பாடத்தில் ஊர் மக்களின் மொழி பிரெஞ்சு என்றுதானே வருகிறது?

அப்படித்தான் வருகிறது, சிக்கலும் அங்கேதான். 1870-71 போரில் பிரான்ஸ் தோற்றது. அல்சாஸ் ஜெர்மனியிடம் போனது. இனிமேல் பள்ளியில் ஜெர்மன் மட்டும் என்று உத்தரவு வர, ஆசிரியர் ஹாமெல் கடைசி பிரெஞ்சு வகுப்பை எடுக்கிறார். 'பிரெஞ்சுக்காரர் என்று சொல்லிக்கொள்கிறீர்கள், உங்கள் மொழியைப் பேசவும் எழுதவும் தெரியவில்லையே' என்று ஜெர்மானியர்கள் ஊராரைப் பார்த்துச் சொல்வார்களே என வருந்துகிறார்.

ஏன் தெரியவில்லை என்பதற்குக் கதை சொல்லும் காரணம், பையன்களின் சோம்பலும் பெற்றோரின் அலட்சியமும். கதையில் வரும் பெயர்களைப் பாருங்கள்: ஃபிரான்ஸ், ஹௌசர், வாக்டர். எல்லாம் ஜெர்மானியப் பெயர்கள். அன்றைய அல்சாஸ் கிராமத்துப் பையன் அம்மாவிடம் பேசியது அல்சாசியன் என்ற ஜெர்மன் கிளைமொழி. பிரெஞ்சு அவனுக்குப் பள்ளிக்கூடத்து மொழி. எழுதிய அல்ஃபோன்ஸ் தோதே தெற்கு பிரான்சில் நீம் நகரில் பிறந்தவர். தோற்ற நாட்டின் வலியை அவர் நன்றாகப் பிடித்தார். ஊர் பேசிய பேச்சு மட்டும் கதைக்குள் வரவே இல்லை.

இதை வைத்து 'அப்படியானால் அவர்கள் ஜெர்மானியர்கள்தான்' என்று முடித்துவிடவும் கூடாது. ஜெர்மன் கிளைமொழி பேசிய பலரும் மனதால் பிரெஞ்சுக்காரர்களாக இருந்தார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை விடக் கூடாது என்று ஆயிரக்கணக்கானோர் 1871-க்குப் பிறகு ஊரையே விட்டுப் போனார்கள். வாயில் ஒரு மொழி, விசுவாசம் வேறு நாட்டுக்கு. இது புரிந்தால் அல்சாசின் கதையில் பாதி புரிந்த மாதிரி.

அல்சாசியன் என்பது ஜெர்மனும் பிரெஞ்சும் கலந்த கலவைதானே?

இல்லை. இணையத்தில் அதிகம் உலவும் தவறு இதுதான். அல்சாசியன் முழுக்க ஜெர்மன் குடும்பத்தைச் சேர்ந்தது. இலக்கணம், ஒலி, அடிப்படைச் சொற்கள் எல்லாமே அங்கிருந்து வந்தவை. பிரெஞ்சிலிருந்து சொற்களை வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

வயதிலும் அது இளையது இல்லை. அலெமானி என்ற ஜெர்மானியக் குழுக்கள் 5-ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியில் நிலைத்துக் குடியேறின. பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி ஸ்ட்ராஸ்பூர்க்கைக் கைப்பற்றியது 1681-இல். நடுவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இது ஜெர்மன் பேசும் உலகத்தின் மையப் பகுதிகளில் ஒன்று. முதன்முதலில் ஜெர்மன் மொழியில் அச்சான பைபிள் 1466-இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் யோஹான் மென்டெலின் அச்சுக்கூடத்தில் வந்தது. இன்றைய கணக்கில் அது 'பிரெஞ்சு நகரம்' என்பதால் பலருக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும்.

ஜெர்மன் கிளைமொழிகளில் இதற்கு எந்த இடம்?

ஜெர்மன் கிளைமொழிகளை வடக்கிலிருந்து தெற்காகப் பிரிக்கும் அளவுகோல், பழைய மெய்யொலிகள் எவ்வளவு தூரம் மாறின என்பதுதான். வடக்குச் சமவெளியில் ஆப்பிளுக்கு 'அப்பெல்', செய்வதற்கு 'மாக்கன்'. ஆங்கிலத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது பாருங்கள். நடுப் பகுதியில் 'மாக்கன்' என்பது 'மாஹன்' ஆகிவிடும், 'அப்பெல்' அப்படியே நிற்கும். இன்னும் தெற்கே வந்தால் அதுவும் 'அப்ஃபெல்' ஆகும். அதற்கும் தெற்கே, சுவிஸ் பக்கம், சொல்லின் தொடக்கத்தில் வரும் 'க்' கூடத் தொண்டையில் உரசும் ஒலியாக மாறிவிடும்: குழந்தைக்கு 'கிண்ட்' என்பது 'ஃகிண்ட்' ஆகிறது.

இந்தக் கோடுகளை வரைபடத்தில் போட்டால் சின்னஞ்சிறு அல்சாசுக்குள்ளேயே பல கோடுகள் குறுக்கே ஓடுகின்றன. வடமேற்கில் சார்-யூனியன் ஊரைச் சுற்றிய 'கோணல் அல்சாஸ்' பகுதி ரைன் ஃபிராங்கோனியப் பேச்சைச் சேர்ந்தது, அங்கே 'அப்பெல்'தான். வடக்கு எல்லையில் விசெம்பூர்க் பக்கம் தெற்கு ஃபிராங்கோனியம். அங்கிருந்து ஸ்ட்ராஸ்பூர்க், கொல்மார், முலூஸ் என்று கீழே வரும் பெரும்பரப்பு முழுவதும் கீழ் அலெமானிக். தென்கோடியில் சுண்ட்காவ் பகுதியின் ஓரத்தில் 'ஃகிண்ட்' கோடு வந்துவிடும். அதற்கு அப்பால் சுவிஸ் பேச்சைப் போல உயர் அலெமானிக். ('கீழ்', 'உயர்' என்பதில் மதிப்பு எதுவும் இல்லை, ஆறு ஓடும் தாழ்நிலம், ஆல்ப்ஸ் மலைப்பக்கம் என்ற நிலக்கணக்குதான்.)

ஆக, அல்சாசியன் என்பது ஊர்ப்பெயரை வைத்துக் கட்டிய மூட்டை. மூட்டைக்குள் பெரும்பகுதி அலெமானிக்.

அலெமானிக் என்ற கிளையில் இன்னும் யார் யார்? தென்மேற்கு ஜெர்மனியின் பாடன் பகுதி, ஸ்வாபியன் பேசும் ஸ்டுட்கார்ட் வட்டாரம், ஜெர்மன் பேசும் சுவிட்சர்லாந்து ஏறக்குறைய முழுவதும், லீக்டென்ஸ்டைன், ஆஸ்திரியாவின் மேற்குக் கோடியான ஃபோரார்ல்பெர்க். ஒன்றாம் எண் சொந்தங்கள் இவர்கள்தான்.

அப்படியானால் ஸ்ட்ராஸ்பூர்க்காரரும் முலூஸ்காரரும் ஒரே மாதிரிப் பேசமாட்டார்களா?

புரிந்துகொள்வார்கள், ஆனால் வாயைத் திறந்ததும் ஊர் தெரிந்துவிடும். ஸ்ட்ராஸ்பூர்க்கில் வினைச்சொல் 'மஹே' என்று முடிந்தால், கொல்மாரிலும் முலூசிலும் அது 'மஹா'. உருளைக்கிழங்கு வடக்கில் 'க்ரும்பேரெ', அதாவது நிலத்துப் பேரிக்காய். தெற்கில் 'ஹார்டேப்ஃபெல்', அதாவது மண் ஆப்பிள். இதில் சுவையான விஷயம், வடக்குச் சொல் எல்லை தாண்டி ஜெர்மனியின் ஃபால்ஸ் பகுதியிலும் வழங்குகிறது, தெற்குச் சொல்லின் உடன்பிறப்பு சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. ஒரே மாநிலத்துக்காரர்கள் இருவர் கிழங்கு விஷயத்தில் ஆளுக்கொரு நாட்டோடு கூட்டு.

ரைன் ஆறு மொழி எல்லை இல்லையா?

அரசியல் எல்லை மட்டும்தான். பழைய தலைமுறை அல்சாஸ் விவசாயியும் அக்கரை பாடன் விவசாயியும் சந்தையில் அவரவர் பேச்சிலேயே விலை பேசிக்கொண்டவர்கள். கிளைமொழிக் கோடுகள் பெரும்பாலும் ஆற்றைக் குறுக்கே வெட்டிக் கிழக்கு-மேற்காகப் போகின்றன. ஆற்றோடு கூடவே ஓடுவது குறைவு. உண்மையான மொழிச்சுவர் மேற்கே, வோஷ் மலையில். அங்கும் நேர்கோடு இல்லை. ஒர்பே, லாபுத்ருவா போன்ற சில பள்ளத்தாக்குகள் அல்சாசுக்குள் இருந்தும் 'வெல்ஷ்' எனப்படும் லத்தீன் வழிப் பேச்சைப் பேசியவை.

ஆனால் கடந்த நூறாண்டில் ரைன் மெல்ல மெல்ல ஒரு மொழி எல்லையாக மாறிவருவதும் உண்மை. கிழக்குக் கரையில் புதுச் சொல் வேண்டும் என்றால் செந்தர ஜெர்மனிலிருந்து, அதாவது எழுத்திலும் பள்ளியிலும் வழங்கும் பொது ஜெர்மனிலிருந்து, எடுக்கிறார்கள், மேற்குக் கரையில் பிரெஞ்சிலிருந்து. இரண்டு கரைகளிலும் பழைய பேச்சு தேய்கிறது. தேய்ந்து போய்ச் சேரும் இடம்தான் வேறு வேறு.

அல்சாசியனைக் காதால் அடையாளம் காண்பது எப்படி?

வீடு என்ற ஒரு சொல் போதும். இடைக்கால ஜெர்மனில் 'ஹூஸ்'. செந்தர ஜெர்மனில் அது 'ஹவுஸ்' என்று உடைந்தது. பாசெலிலும் சூரிக்கிலும் பழைய 'ஹூஸ்' அப்படியே தங்கிவிட்டது. அல்சாஸிலும் உடையவில்லை, ஆனால் முன்னால் நகர்ந்தது: உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' சொன்னால் வருமே, அந்த ஒலியோடு 'ஹ்யூஸ்'. அதே சமயம் பழையபடி குவிந்த உதட்டோடு சொல்லவேண்டிய சொற்களில் உதடு தளர்ந்துவிட்டது: அழகு என்பதற்கு 'ஷோன்' போன்ற குவிந்த ஒலி போய் 'ஷேன்'. அதனால்தான் ஒரு வீடு 'ஹ்யூஸ்', பல வீடு 'ஹீசர்'. செந்தர ஜெர்மன் கற்றவருக்குத் தலை சுற்றும் இடம் இது.

நேரம் என்பதற்குச் செந்தரத்தில் 'ட்சைட்', அல்சாஸில் 'ட்சிட்'. ஸ்வாபியன் இந்த இடத்தில் செந்தரத்தின் பக்கம் சாய்ந்து 'ட்செய்ட்' என்கிறது. 'இருந்தேன்' என்பதற்கு அல்சாஸ்காரர் 'பின் க்ஸின்', சுவிஸ்காரர் 'பி க்ஸி'. செந்தரத்து 'வார்' இருவர் வாயிலும் வராது. கதை சொல்லும் சாதாரண இறந்தகாலமே இந்தப் பேச்சுகளில் இல்லை, எல்லாம் துணைவினை போட்டுத்தான். உடைமையைக் காட்டும் ஆறாம் வேற்றுமையும் கழன்றுவிட்டது. 'இஸ்ட்' என்பது 'இஷ்', 'ஃபெஸ்ட்' என்பது 'ஃபெஷ்ட்' என்று 'ட்'டுக்கு முன் வரும் 'ஸ்' 'ஷ்' ஆவதைக் கேட்டாலே தென்மேற்குக்கு வந்துவிட்டோம் என்று தெரியும்.

கோதே இன்ஸ்டிட்யூட்டில் ஜெர்மன் படித்திருக்கிறேன். அல்சாசியன் புரியுமா?

முதல் நாள் புரியாது. எழுதிக் காட்டினால் பாதி பிடிபடும். மேலே சொன்ன ஒலி மாற்றங்கள் பிடிபட்டுவிட்டால் வேகமாகக் காது திறக்கும், ஏனென்றால் சொற்கள் பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்தவைதான். சில பொறிகள் உண்டு. செந்தரத்தில் 'ஷ்முட்ஸ்' என்றால் அழுக்கு. அல்சாஸில் யாராவது 'ஷ்முட்ஸ்' கேட்டால் முத்தம் கேட்கிறார்கள்.

பிரெஞ்சிலிருந்து என்னவெல்லாம் வாங்கியது?

சைக்கிளுக்கு 'வேலோ', நடைபாதைக்கு 'த்ரொட்வார்', குடைக்கு 'பாராப்ளி'. நன்றி சொல்ல 'மெர்சி வீல்மோல்ஸ்': முதல் பாதி பிரெஞ்சு, மறுபாதி அலெமானிக். கூடியிருப்பவர்களுக்கு வணக்கம் 'சால்யூ பிசம்மே'. ஆனால் இதை வைத்து மட்டும் அல்சாசைத் தனித்துக் காட்ட முடியாது. வேலோவும் மெர்சியும் சுவிஸ்காரர்களிடமும் உண்டு, நடைபாதைக்கு அதே சொல் பாடன் கிராமங்களிலும் வழங்கியது. பிரெஞ்சு ஒரு காலத்தில் ஐரோப்பா முழுவதற்கும் நாகரிக மொழி.

எதிர்த்திசையிலும் சரக்கு போயிருக்கிறது. புளிக்கவைத்த முட்டைக்கோசுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் 'ஷூக்ரூத்', அல்சாசின் 'ஸ்யூர்க்ரூட்' என்ற சொல்லிலிருந்து வந்தது. முட்டைக்கோசுக்குப் பிரெஞ்சில் 'ஷூ' என்று பெயர் இருந்ததால் சொல்லின் தலை அந்தப் பக்கம் இழுபட்டுவிட்டது.

இவ்வளவு ஜெர்மனாக இருந்தும் ஏன் யாரும் அதை ஜெர்மன் என்று சொல்வதில்லை?

கேட்கவேண்டிய கேள்வி. 1940 முதல் 1945 வரை நடந்ததைச் சொல்லாமல் இதற்குப் பதில் கிடையாது.

போர் தொடங்கிய 1939 செப்டம்பரில் எல்லையோர மக்களைப் பிரெஞ்சு அரசு தென்மேற்கு மாவட்டங்களுக்கு அனுப்பியது. ஸ்ட்ராஸ்பூர்க் மக்கள் பெரும்பாலும் போய் இறங்கியது தோர்தோஞ் பகுதியில். எதிரியின் மொழி போல் ஒலிக்கும் பேச்சைக் கேட்ட உள்ளூர்க்காரர்கள் அவர்களை 'யா-யா'க்கள் என்றார்கள். சொந்த நாட்டிலேயே சந்தேகப் பார்வை. அடுத்த ஆண்டு நாஜிகள் அல்சாசைச் சேர்த்துக்கொண்டபோது மறுபக்கத்து அடி: பிரெஞ்சு பேசத் தடை, பிரெஞ்சுத் தொப்பி போடத் தடை, பெயர்களுக்கெல்லாம் ஜெர்மன் வடிவம். 1942 ஆகஸ்டிலிருந்து கட்டாய ராணுவச் சேர்ப்பு. சுமார் 1 லட்சம் அல்சாஸ் இளைஞர்கள் ஜெர்மன் சீருடையில் போனார்கள், பலர் கிழக்குப் போர்முனைக்கு. 'மல்கிரே-நூ', விருப்பமின்றிப் போனவர்கள், என்று அவர்களை இன்றும் சொல்கிறார்கள்.

இதற்குப் பிறகு எந்தத் தாய் பிள்ளையிடம் 'நாம் பேசுவது ஜெர்மன்' என்று பெருமையாகச் சொல்வாள்? 1945-இல் தொடக்கப்பள்ளிகளிலிருந்து ஜெர்மன் எடுக்கப்பட்டது. பிரெஞ்சு பேசுவதே நாகரிகம் என்று சுவரொட்டிகள் வந்தன. இருமொழிப் பத்திரிகைகளில் விளையாட்டுப் பக்கமும் இளைஞர் பக்கமும் பிரெஞ்சில்தான் இருக்கவேண்டும் என்று விதி வந்தது. அடுத்த தலைமுறை எதைப் படிக்கும் என்று நன்றாகக் கணக்குப் போட்ட விதி. 1951-இல் வட்டார மொழிகளுக்குப் பள்ளியில் சிறிது இடம் கொடுத்த சட்டம் பிரெட்டன், பாஸ்க், கட்டலன், ஆக்சிதான் நான்கையும் ஏற்றது, அல்சாசியனை விட்டுவிட்டது. பக்கத்து நாட்டின் மொழி என்பதுதான் அதன் மேல் இருந்த குறை.

இந்தச் சந்தேகம் போரோடு பிறந்ததும் அல்ல. 1794-லேயே பிரெஞ்சுப் புரட்சியின் தலைவர்களில் ஒருவரான பரேர், குடியரசின் மீதான வெறுப்பு ஜெர்மன் பேசுகிறது என்று சபையில் முழங்கியிருக்கிறார்.

எனவே 'அல்சாசியன்' என்ற பெயர் ஒரு கவசம். மொழியியல் ரீதியில் அது ஜெர்மன் கிளைமொழி என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் ஒரு பாட்டியிடம் போய் 'நீங்கள் பேசுவது ஜெர்மன்தானே' என்று கேட்பது தகவல் பிழை இல்லாவிட்டாலும் பண்பாகாது.

சுவிஸ் ஜெர்மனும் அலெமானிக்தான். அது செழிக்க, இது ஏன் தேய்கிறது?

சுவிட்சர்லாந்தில் வங்கி மேலாளரும் அமைச்சரும் வீட்டில் மட்டுமல்லாமல் வெளியிலும் கிளைமொழிதான் பேசுகிறார்கள். எழுதும்போது செந்தர ஜெர்மன். நாம் பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் வைத்துக்கொண்டிருப்பது போன்ற ஏற்பாடு. எழுத்து மொழி தனக்குத் தொடர்பில்லாத ஒன்றாக இல்லாததால் பேச்சு மொழிக்குச் சொல்வளம் ஊறிக்கொண்டே இருக்கும். அல்சாஸில் அந்த மேல்தளத்தை எடுத்துவிட்டுப் பிரெஞ்சை வைத்தார்கள். இதைக் கூரையில்லாக் கிளைமொழி என்பார்கள். புதிய பொருள், புதிய தொழில், புதிய பதவி எல்லாம் பிரெஞ்சில் வர, கிளைமொழிக்குச் சமையலறையும் தோட்டமும் மதுக்கடையும் மிஞ்சின.

இன்னொன்று, சுவிஸ்காரர்களுக்கு நாஜி காலத்தில் கிளைமொழி 'நாங்கள் அவர்கள் அல்ல' என்று காட்டும் அடையாளம் ஆனது. அல்சாஸ்காரர்களுக்கு அதே பேச்சு எதிர்ப்பொருள் தந்தது. வேடிக்கை என்னவென்றால், 1871-1918 ஜெர்மன் ஆட்சியில் அல்சாஸிலும் அது சுவிஸ் வழியில்தான் போனது: 1898-இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் அல்சாசியன் நாடக அரங்கம் தொடங்கி, பெர்லினிலிருந்து வந்த அதிகாரிகளைக் கிளைமொழியிலேயே கிண்டல் அடித்தார்கள்.

இப்போது எத்தனை பேர் பேசுகிறார்கள்?

2012-இல் எடுத்த கணக்கெடுப்பில் 43 விழுக்காட்டினர் நன்றாகப் பேசுவதாகச் சொன்னார்கள். நல்ல எண்ணிக்கை போலத் தோன்றும். வயதுவாரியாகப் பார்த்தால் வயிறு கலங்கும்: 60 வயதுக்கு மேல் 74 விழுக்காடு, 30 முதல் 44 வரை 24, 18 முதல் 29 வரை 12, 17 வயதும் அதற்குக் கீழும் 3.

எழுத எந்த எழுத்துமுறை?

இதில்தான் நீண்ட நாள் சண்டை. 1985-இல் கல்வித்துறையின் ஸ்ட்ராஸ்பூர்க் தலைவர் பியேர் தெயோன் ஒரு வரையறை கொடுத்தார்: அல்சாசின் வட்டார மொழி என்பது அல்சாசியன் கிளைமொழிகள், அவற்றின் எழுத்து வடிவம் ஜெர்மன். இதன்படி இருமொழிப் பள்ளிகளில் பிரெஞ்சோடு செந்தர ஜெர்மன் சொல்லித்தருகிறார்கள். கூரையைத் திருப்பிப் போடும் முயற்சி என்று நான் இதை ஆதரிப்பேன். ஆனால் பாட்டியோடு பேச உதவாத மொழியைக் கற்றுக்கொடுத்து அதை வட்டார மொழிக் கணக்கில் எழுதுகிறார்கள் என்று குறை சொல்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

கிளைமொழியையே எழுத விரும்புவோருக்கு 2008-இல் 'ஓர்தால்' என்ற முறை வந்தது. அது எல்லோருக்கும் ஒரே எழுத்துக்கூட்டலைத் திணிப்பதில்லை. ஸ்ட்ராஸ்பூர்க்காரர் 'மஹே' என்றும் முலூஸ்காரர் 'மஹா' என்றும் அவரவர் ஒலிப்படியே எழுதலாம், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள பொருத்தம் மட்டும் பொது.

இணையத்தில் இன்னொரு வழி திறந்தது. 2003-இல் அல்சாசியன் விக்கிபீடியாவாகத் தொடங்கிய தளம், அடுத்த ஆண்டே அலெமானிக் பேச்சுகள் அனைத்துக்குமான பொதுத்தளமாக விரிந்தது. ஒவ்வொரு கட்டுரையும் எழுதியவரின் ஊர்ப் பேச்சில் இருக்கும்.

லோரெய்ன், லக்சம்பர்க் பேச்சுகளும் இதேதானா?

இல்லை. லோரெய்னில் அல்சாசை ஒட்டிய மொசேல் மாவட்டத்தின் ஜெர்மானியப் பேச்சுகள் ஃபிராங்கோனியக் கிளை. லக்சம்பர்கியமும் அந்தக் கிளைதான், ஆனால் 1984-இல் சட்டப்படி தேசிய மொழி ஆனதால் அதன் தலையெழுத்தே வேறு.

இத்திஷ் மொழியோடு உறவு உண்டா?

அல்சாஸ் கிராமங்களில் நூற்றாண்டுகளாக வாழ்ந்த யூதர்கள் மேற்கு இத்திஷ் பேசினார்கள். ஜெர்மன் அடித்தளம், மேலே எபிரேயச் சொற்கள். போலந்து, ரஷ்யப் பகுதிகளின் கிழக்கு இத்திஷில் ஏறிய ஸ்லாவியச் சாயல் இதில் கிடையாது. இந்தப் பேச்சு இப்போது அநேகமாக அணைந்துவிட்டது. மாட்டுச் சந்தை வழியாகச் சில சொற்கள் அல்சாசியனுக்குள் தங்கின.

பிரான்சுக்கு வெளியே யாராவது பேசுகிறார்களா?

அமெரிக்காவில் ஆமிஷ் மக்கள். குதிரை வண்டியில் போகும் அந்தக் கிறித்தவப் பிரிவின் பெயரே, அல்சாசின் சாந்த்-மரீ-ஓ-மீன் பள்ளத்தாக்கில் இயங்கிய யாக்கோப் அம்மானிடமிருந்து வந்தது. ஆமிஷ்களில் பெரும்பாலோர் பேசும் 'பென்சில்வேனியா டச்சு' ஃபால்ஸ் பகுதி ஃபிராங்கோனியம். ஆனால் இந்தியானா மாநிலத்தின் ஆலன் கவுண்டி ஆமிஷ்களிடம் அல்சாஸ் வழிப் பேச்சு இருக்கிறது. டெக்சாசில் 1844-இல் அல்சாஸ் குடியேறிகள் நிறுவிய காஸ்ட்ரோவில் ஊரும் உண்டு.

அல்சேஷன் நாய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நாய் ஜெர்மன் ஷெப்பர்ட். முதல் உலகப்போர்க் காலத்தில் ஆங்கிலேயர்களுக்கு 'ஜெர்மன்' என்ற சொல் கசந்ததால் அல்சாசின் பெயரை ஒட்டவைத்தார்கள். நம் ஊரிலும் அதுவே நிலைத்தது. நாய்க்கும் அதே கவசம்தான்.

கற்றுக்கொள்ள வழி உண்டா?

ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் அல்சாஸ், மொசேல் கிளைமொழிகளுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஏ.பி.சி.எம். சங்கத்தின் பள்ளிகள் உண்டு; 1990-இல் பெற்றோர்கள் தொடங்கிய சங்கம் அது. அதன் சில மழலையர் வகுப்புகளில் கிளைமொழியிலேயே பேசி வளர்க்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் இப்படி முழுக்க வட்டார மொழியில் நடத்த வழிசெய்த 2021-ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவை, சட்டங்கள் அரசியலமைப்புக்குப் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் அரசியலமைப்புச் சபை ரத்து செய்துவிட்டது. 'குடியரசின் மொழி பிரெஞ்சு' என்று அரசியலமைப்பில் 1992-இல் சேர்த்த வாசகம் குறுக்கே நின்றது. தூரத்திலிருந்து கற்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: முதலில் செந்தர ஜெர்மனில் பி1 நிலை (அன்றாடப் பேச்சைச் சமாளிக்கும் இடைநிலைத் தேர்ச்சி) வரை வாருங்கள், பிறகு பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் அல்சாஸ் பிரிவு தரும் 'ருண்ட் உம்' செய்திகளைப் பிரெஞ்சு எழுத்துவரிகளோடு கேளுங்கள். ஸ்ட்ராஸ்பூர்க் பேச்சு, முலூஸ் பேச்சு இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள்.